பென்ரோஸ் வாசலில் ஒரு தேங்காய்

வியாழன் காலை, ஒக்லாந்து விமான நிலையம். என் பெட்டியைத் திறந்த பெண் அதிகாரி தேங்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். பிள்ளையாருக்கு என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சாப்பிட என்றேன். பொய்க்குக் கைமேல் பலன்: தேங்காய் தொட்டிக்குள் போனது, கருவாடும் கூடவே போனது. மிளகாய்த்தூள் மட்டும் எப்படியோ தப்பியது. சூரிச்சிலிருந்து சிங்கப்பூருக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், அங்கிருந்து இங்கே இன்னும் பத்து. அவ்வளவு தூரம் காவிவந்த தேங்காயைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

தேங்காய் என் மனைவி தவமணியின் ஏற்பாடு. எங்கள் மகன் மயூரன் சுவிஸில் ஐஸ் ஹொக்கி ஆடிப் பிழைப்பவன். பதினாறு வருடத் தொழில். ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டத்துக்கும் தவமணி பேர்ணில் எங்கள் கோயில் வாசலில் ஒரு தேங்காய் உடைப்பாள். ஆட்டம் முடிந்ததும் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "அடிபட்டதோ?" யார் வென்றது என்று இந்தப் பதினாறு வருடத்தில் அவள் கேட்டதே இல்லை.

போன குளிர்காலத்தில் அடி பட்டது. தலையில், இரண்டாவது தடவை. பனியில் அசையாமல் கிடந்தவனைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இன்னொரு அடி விழுந்தால் என்ன நடக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னார். அதற்குப் பிறகாவது வீட்டில் இருப்பான் என்றால், சுவிஸில் கோடை தொடங்க, குளிர்காலம் இருக்கிற நாட்டைத் தேடி நியூசிலாந்துக்கு ஆட வந்துவிட்டான். ஒக்லாந்தில் கடைசி ஆட்டம் இந்தச் சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் சுவிஸ் இரண்டாம் பிரிவு அணி ஒன்றுக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தவமணிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. ஆகவே என்னை அனுப்பினாள். "அவன் ஆடுற இடத்து வாசலில தேங்காயை உடையுங்கோ. அவனை விடச் சொல்லுங்கோ. சொல்லாமல் வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம்."

என்னை அழைத்துப்போக வந்தவர் செந்தில். திருச்சிக்காரர், கணினி வேலை. ஹென்டர்சனில் அவருடைய வீட்டில்தான் மகன் ஓர் அறை எடுத்திருக்கிறான். இருபத்தெட்டுக் கிலோமீற்றர் ஓட்டத்தில் மனிதர் வாய் மூடவில்லை.

"மயூரன் வர்ற வரைக்கும் ஐஸ் ஹாக்கின்னா என்னன்னே எனக்குத் தெரியாது அங்கிள். இங்க எல்லாருக்கும் ரக்பிதான். மேட்சுக்குப் போனா நூறு பேர் இருப்பாங்க. அதுல பாதிப் பேர் குளிர் தாங்காம வெளிய வந்து நிப்பாங்க."

நடுவில் ஒரு சுரங்கப் பாதை வந்தது. "ரெண்டரை கிலோமீட்டர் அங்கிள்! நாட்டுலயே பெரிசு!" என்றார் பெருமையாக. மலையைக் குடைந்தே வாழ்கிற நாட்டிலிருந்து வந்தவனுக்குச் சுரங்கம் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் அவர் மனம் நோகக் கூடாதென்று கண்ணை அகல விரித்து வைத்தேன்.

மயூரன் பனிக்குப் போன கதையில் என் பங்கு பெரிது. நான் பேர்ணில் பனித்தளத்தோடு சேர்ந்த உணவகத்தில் சமையற்காரன். தவமணிக்கு மாலையில் வேலை. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பள்ளி விட்டதும் என்னிடம் வருவான். சமையலறையில் நின்றால் கையைச் சுடுவான் என்று, வாடகைக்குக் கொடுக்கிற சறுக்குச் சப்பாத்து ஒன்றை மாட்டி உள்ளே விட்டேன். ஆறு வயது. அவ்வளவுதான், பிறகு அவனை வெளியே எடுக்க முடியவில்லை. பதினெட்டு வயதில் ஒப்பந்தம். பக் என்கிற ரப்பர் வட்டோடு வருகிற எதிரியைப் பின்வரிசையில் நின்று மறிப்பது அவன் வேலை. மூன்று பல் போனது, ஒரு முழங்கால் போனது, முதலாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கினான், வயது முப்பத்துநாலு ஆனது. கோயிலில் சனம் என்னைத் தேடிவந்து கைகொடுக்கும். நானும் கைத்தொலைபேசியில் அவன் படத்தைக் காட்டிக்கொண்டு திரிவேன். அப்படித் திரிந்தவன் எந்த வாயால் விடு என்று சொல்வது?

வெள்ளிக்கிழமை மயூரன் என்னை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுபோனான். மணல் முழுக்கக் கறுப்பு. காற்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடியது. மூன்று தரம் பேச்சை எடுத்தேன். முதல் தரம் அலையின் உயரத்தைப் பற்றிச் சொல்லி முடித்தேன். இரண்டாம் தரம் பெற்றோல் விலை. மூன்றாம் தரம், "மோனை..." என்றேன். "என்னப்பா?" என்றான். "குளிருது," என்றேன். அவன் தன் சால்வையை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டான். எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது.

சனி காலை ஹென்டர்சனில் ஒரு பிஜி இந்தியர் கடையில் தேங்காய் வாங்கினேன். ஐந்து டொலர். கடைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் வராது. அவருடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து போனவர்களாம். ஆனால் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, முதலாவதை வைத்துவிட்டு இரண்டாவதைத் தந்தார். பூஜைக்கா என்று மட்டும் கேட்டார். இவரிடமாவது உண்மை சொல்லலாம் என்று தலையாட்டினேன்.

ஆட்டம் பின்னேரம் நாலரைக்கு, பென்ரோஸில். சரக்குக் கிட்டங்கிகள், லொறிகள், தகரக் கூரைகள். எங்கள் பேர்ண் கோயிலும் இப்படி ஒரு கிட்டங்கிக்குள்தான் இருக்கிறது என்பதால் எனக்கு அந்த இடம் அந்நியமாகவே படவில்லை. பனித்தளமும் பழைய கிட்டங்கிதான். ஆட்டக்காரர் உடுப்பு மாற்றுகிற அறை வெளியே தனியாக நிற்கிறது. அங்கிருந்து முற்றத்தைக் கடந்து ஒரு பின்கதவால் உள்ளே போக வேண்டும். வழி நெடுக ரப்பர் விரிப்புப் போட்டிருந்தார்கள். சறுக்குச் சப்பாத்தின் அலகு சீமெந்தில் பட்டால் கூர் போய்விடும், அதற்காக.

தவமணி சொன்ன வாசல் இதுதான் என்று முடிவு செய்தேன். மகன் கால் வைத்துப் போகிற வாசல். பிள்ளையாரே, தலையைக் காப்பாற்று என்று ஓங்கி எறிந்தேன். நல்ல உடைவு. சில்லுச் சில்லாகச் சிதறி, பாதி விரிப்பின் மேல் விழுந்தது.

"அங்கிள், சீக்கிரம் பொறுக்குங்க, வர்றாங்க!" என்று செந்தில் கத்தினார். இருவரும் குனிந்தோம். அதற்குள் அறைக் கதவு திறந்துவிட்டது. முன்னால் வந்த இளைஞர்கள் ஒன்றையும் கவனியாமல் சில்லுகளை மிதித்துக்கொண்டு போனார்கள். கோல் காப்பவன் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். கடைசியாக மயூரன். விரிப்பில் தேங்காயைக் கண்டான், நின்றான். கையுறையோடு நெற்றியைத் தொட்டான். பிறகு விரிப்பை விட்டு இறங்கி, சீமெந்தில் இரண்டு அடி வைத்துச் சுற்றிக்கொண்டு போனான்.

கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. பனித்தளத்தில் வேலை செய்தவனுக்கு அதன் பொருள் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் உடைத்த தேங்காயில் கால் படக்கூடாது என்று தவமணி ஊட்டி வளர்த்தது, மூளை யோசிக்க முதலே காலைத் திருப்பிவிட்டது. அத்தனை பேரில் என் பிள்ளை ஒருவனின் அலகுதான் மழுங்கியது.

பனியில் இறங்கி முதல் திருப்பத்திலேயே கால் வழுக்கிப் படாரென்று விழுந்தான். யாரும் இடிக்கவில்லை. நான் இருக்கையை விட்டு எழும்பிவிட்டேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தான். ஐயோ பிள்ளையாரே, உன்னிடம் கேட்டது என்ன, நீ செய்வது என்ன! மெல்ல எழும்பினான். நொண்டாமல் நடந்து வெளியே வந்தான். எனக்கு மூச்சு வந்தது.

அலகு தீட்ட வேண்டியவர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். அவர் வந்து தீட்டி முடிப்பதற்குள் மூன்று பகுதி ஆட்டத்தில் முதலாவது போய்விடும். மயூரன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காலுறையோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான்.

"அப்பா, நீங்களோ உடைச்சது?"

"ஓம்."

"அம்மா சொன்னவவோ?"

"வேற ஆர்?"

சிரித்தான். சிரிப்பு முடிந்தும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப விழுந்தன், பாத்தனீங்களோ?"

"பாத்தன். என்ரை உயிர் போட்டுது."

"முந்தி விழுந்தால் முதல்ல பக் எங்கை போகுது எண்டுதான் பாப்பன். இப்ப ஸ்டிக்கை விட்டிட்டுத் தலையைப் பிடிச்சன். சும்மா விழுந்ததுக்கு." காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே, "எனக்குப் பயமாக் கிடக்கப்பா. அந்த அடிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பயம்," என்றான்.

"அப்ப ஏன்டா இவ்வளவு தூரம் வந்து ஆடினாய்?"

"பயம் போகுதோ எண்டு பாக்கத்தான். போகேல்லை. விடுவம் எண்டால், நீங்கள் கோயிலில எல்லாருக்கும் என்ரை படம் காட்டுறீங்கள். உங்களுக்குக் கவலையா இருக்கும் எண்டு யோசிச்சன்."

அட பாவி! நாங்கள் அவன் மனம் நோகும் என்று வாயைப் பொத்த, அவன் எங்கள் மனம் நோகும் என்று மண்டையைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முதுகில் ஒன்று போட்டேன். தோள்கவசத்தில் பட்டு என் கைதான் வலித்தது.

"ஆடினது காணும் மோனை. விடு."

"ஓம் அப்பா," என்றான். அவ்வளவு லேசாகச் சொன்னான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. செந்தில் எங்கோ பார்ப்பதுபோல எனக்கு ஒரு தேநீர்க் குவளையைத் தந்தார்.

இரண்டாம் பகுதியையும் என் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு, கடைசிப் பகுதியில் இறங்கினான். இடிபடப் போகாமல், சுற்றிச் சுற்றி அழகாக ஓடினான். ஆறு வயதில் ஓடியதுபோல இருந்தது. ஐந்துக்கு இரண்டு என்று தோற்றார்கள். முடிந்ததும் இரு அணியும் வரிசையாக நின்று கைகொடுத்துக்கொண்டார்கள். நான் அவன் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாக இருந்தது.

அன்றைக்குத் தவமணி வழமைபோல, "அடிபட்டதோ?" என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். அணிக்கு முதலில் தானே சொல்ல வேண்டும் என்று மயூரன் கேட்டுக்கொண்டிருந்தான். நியாயம்தான். அவளுக்குச் சொன்னால் கோயிலுக்கே சொன்னமாதிரி.

திங்கள் மாலை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், காருக்குள்ளிருந்தே அணிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னான். சுவிஸில் அப்போது காலை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினாறு வருடம் இவ்வளவு சுருக்கமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டு இரண்டு கிழமையில் அவனும் வருகிறான். பேர்ணில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்க ஆள் தேடுகிறார்களாம். அங்கேயும் பனிதான், ஆனால் யாரும் இடிக்க மாட்டார்கள். நான் கண்டது நாலு இரவு ஒக்லாந்து. கறுப்பு மணலையும் ஒரு சுரங்கத்தையும் தவிர ஊரைப் பார்க்கவில்லை என்று எவராவது குறை சொன்னால் சொல்லட்டும்.

உள்ளே போவதற்கு முன் தவமணியை அழைத்து, தொலைபேசியை அவனிடம் கொடுத்தேன்.

"அம்மா, நான் விட்டிட்டன். இனி ஆடமாட்டன்."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். பிறகு மூக்குச் சிந்துகிற சத்தம். பிறகு, குரலைச் செருமிக்கொண்டு கேட்டாள்: "அது சரி, சனிக்கிழமை ஆர் வெண்டது?"

மயூரன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"அவங்கள்தான் அம்மா. அஞ்சுக்கு ரெண்டு."

"அறுந்துபோவாங்கள்!" என்று திட்டினாள் தவமணி.