கழுவிய முட்டைகள்

கோழி எதையெல்லாம் தின்னும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. கோவில்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் அப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தெரிந்துதான் இருந்தது. அதைப் பற்றி யோசிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பக்கத்து வீட்டு அடுக்களையில் யாராவது கிண்ணத்தின் விளிம்பில் முட்டையைத் தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

டெல்லி துவாரகாவில் ஆறாவது மாடியில் குடியிருக்கிற எங்களுக்குக் கோழி வந்ததற்கு என் பயம்தான் காரணம். காற்றைச் சுத்தம் செய்ய ஒரு மெஷின், தண்ணீருக்கு ஒரு மெஷின். பாலில் என்ன கலக்கிறார்கள் என்று தினமும் போனில் தேடுவேன். மகளுக்கு ஏழு வயதானபோது பிராய்லர் கோழியை வீட்டுக்குள் விடுவதை நிறுத்தினேன். அதைத் தின்னும் பெண் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவர்களாகிவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன். ஆனாலும் அதை நம்பினேன்.

என் கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்கு நஜஃப்கர் தாண்டி ஒரு துண்டு நிலம் இருந்தது. மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் திறந்து கிடக்கும், அதற்கப்புறம் கீகர் காடு. எங்கள் ஊரில் சீமைக் கருவேலம் என்று திட்டித் தீர்க்கிற அதே மரம்தான். நிலம் சும்மாதான் கிடக்கிறது, கோழி விட்டுக்கொள்ளுங்கள் என்றார். நிலத்தைக் காவல் காக்க ஒரு பீகார்க்காரப் பெண் அங்கேயே குடியிருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கும், ஆனாலும் என்னைத் தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். தகரக் கொட்டகை ஒன்று போட்டு, இருபது நாட்டுக் கோழியும் இரண்டு சேவலும் வாங்கி விட்டோம்.

முறை எளிமையானது. காலை பத்து மணி வரை கொட்டகையைத் திறக்கக் கூடாது. அதற்குள் பெரும்பாலானவை வைக்கோல் பெட்டியில் முட்டையிட்டுவிடும். அதன்பின் திறந்துவிட்டால் நேரே காடுதான். பொழுது சாயும்போது ஒரு தட்டைத் தட்டிக் கம்பு இறைத்தால் தானாகத் திரும்பிவிடும். நடுவில் என்ன நடக்கிறது என்பது காட்டுக்கும் கோழிக்கும் உள்ள விஷயம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் போய் மரத்தடியில் அவை சருகைக் கிளறுவதை வீடியோ எடுப்போம். நான் அதைக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போடுவேன். கூண்டு இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை என்று கீழே எழுதுவேன். எழுதும்போது கொஞ்சம் திமிராகவே இருக்கும்.

ஒரு ஞாயிறு, ஒரு பெட்டை எதையோ கவ்விக்கொண்டு ஓடியது. பின்னாலேயே ஐந்தாறு துரத்தின. கிட்டப் போய்ப் பார்த்தால் கண் திறக்காத எலிக்குஞ்சு. இளஞ்சிவப்பாக, காலை உதறிக்கொண்டு இருந்தது. ஒரே விழுங்கு. தொண்டை வழியாக அது இறங்குவது வெளியே தெரிந்தது.

“சீ! அம்மா, கித்னா கந்தா! அசிங்கம்!” என்று மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

“புரோட்டீன்டா கண்ணு” என்றேன். கணவர் சிரித்தார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது வேறொன்று. முட்டையின் மேல் ஒட்டிக் காய்ந்திருக்கும் எச்சம். பச்சையும் வெள்ளையுமாக ஒரு தீற்று, அதில் ஒரு சிறகு. பையைத் திறந்ததும் குமட்டும். காவல்காரப் பெண்ணிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: ஒரு கறை இருக்கக் கூடாது, ஸாஃப் கர்கே தேனா, சுத்தமாக்கித்தான் கொடுக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து முட்டைகள் பளபளவென்று வந்தன. கடையில் அடுக்கியதைப் போல இருந்தன. எவ்வளவு நேர்த்தியான பெண் என்று மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில், பதினொரு வயதில், மகள் பெரியவளானாள். பிராய்லரை நிறுத்தியும் ஆனாள். கோவில்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“நாட்டுக் கோழி முட்டைதான் வச்சிருக்கியே, பெறகென்ன? பதினாறு நாளும் வெறும் வயித்துல பச்ச முட்டைய ஊத்து. ஊத்துன கையோட முட்டை ஓட்டுல நல்லெண்ணெய அளந்து அதையும் ஊத்து. இடுப்பு எலும்பு அப்பத்தான் நிக்கும்.”

“அவ குடிக்க மாட்டாக்கா.”

“நீ குடிச்சியா? நான் ஒன் மூக்கப் பிடிச்சுத்தானட்டி ஊத்துனேன். மறந்துட்டியாக்கும்? ஒரு பொட்டப் பிள்ளைய மெரட்டத் தெரியாம டெல்லியில என்னத்தக் குடும்பம் நடத்துதியோ!”

நல்லெண்ணெயும் உளுந்தும் கருப்பட்டியும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய்வந்தேன். களி கிண்டினேன். மகள் அதை ஒரு வாய் தின்றாள், பிடித்தது. முட்டையைப் பார்த்ததும் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“கச்சாவா? அம்மா, ப்ளீஸ். ஆம்லெட் போடு, ரெண்டு சாப்பிடறேன்.”

“வேக வச்சா சத்து போயிடும்.”

“யார் சொன்னா?”

“பெரியம்மா.”

“பெரியம்மா டாக்டரா?”

அவள் மூக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினேன். மஞ்சள் கரு உடையாமல் வழுக்கி உள்ளே போனது. உடம்பு முழுவதும் ஒரு தடவை உலுக்கியது. கண்ணில் நீர். முட்டை வெளியே வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாளிலிருந்து பள்ளிப் பையை மாட்டுவதற்கு முன் இது ஒரு வேலையாகிவிட்டது.

பதினோராவது நாள் அவள், “இன்னிக்கு வேற மாதிரி பத்பூ வருது” என்றாள். நான் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தேன். முட்டை முட்டையாகத்தான் நாறியது. சாக்கு சொல்லாதே என்று ஊற்றினேன்.

மறுநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து போன். போனபோது மருத்துவ அறைக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். சட்டையெல்லாம் வாந்தி. உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரிலேயே வயிற்றால் போனது, கூடவே ரத்தம். “ஸாரி மா, ஸாரி மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சீட் அழுக்காகிறதாம்.

டாக்டர் சின்னப் பெண். வெளியே என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

“வெளியே எதுவுமே கொடுப்பதில்லை” என்றேன். அப்போதும் என் குரலில் ஒரு பெருமை இருந்ததை என் காதே கேட்டது.

வீட்டில்? சொன்னேன். பதினொரு நாளா, பன்னிரண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். திட்டவில்லை. எழுதி முடித்து ஒரு நொடி என் கைகளைப் பார்த்தார். பரிசோதனை முடிவு வந்தபோது கிருமியின் பெயரை மட்டும் சொல்லி, பச்சை முட்டையாகத்தான் இருக்கும் என்றார். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. கணவர் கட்டிலருகே இருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. அந்தக் கோழிகளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கி வண்டி பிடித்தேன். அதுவரை நான் வார நாளில் அங்கே போனதே இல்லை.

காலை பத்தரை இருக்கும். கொட்டகை திறந்திருந்தது. காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கையில் காலித் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் ஏதோ கட்டடம் எழும்புகிறது, அந்த வேலைக்காரர்கள். அவர்கள் எதிரே வர, என் கோழிகள் அவர்களைத் தாண்டி உள்ளே ஓடின. எங்கே ஓட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நான் பின்னால் போனேன். முள்ளுக்குக் கீழே, புதிதாக, ஈ மொய்க்க, வரிசையாக. என் கோழிகள் அதைக் கிளறித் தின்றன. மூக்கைத் தரையில் தேய்த்துவிட்டு மறுபடி தின்றன. கொஞ்சம் தள்ளி உப்பிப் போன ஒரு நாய். அதன் வயிற்றில் புழு நெளிந்தது. வீடியோவில் அழகாகத் தெரிகிற செம்பழுப்புப் பெட்டை அதன் மேலேயே ஏறி நின்று கொத்தியது. நான் குனிந்து, முள் கையில் குத்த, அங்கேயே வாந்தியெடுத்தேன். இரண்டு கோழிகள் அதற்கும் வந்தன.

திரும்பி வந்தபோது காவல்காரப் பெண் குழாயடியில் உட்கார்ந்து முட்டை கழுவிக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாளி. நீர் சாம்பல் நிறத்தில், மேலே சிறகு மிதந்தது. அன்றைய முட்டைகள் எல்லாம் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பழைய துணியால் தேய்த்துத் தட்டில் வைத்தார். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று கல்லூரியில் நான் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

“வாளித் தண்ணியை எப்போ மாத்துவீங்க?”

“தண்ணி லாரி வர்ற அன்னைக்கு, தீதி. நீங்கதானே கறையே இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?” என்றார் இந்தியில். “எங்களுக்கு வச்சுக்கறதை நான் கழுவறதில்லை.”

மகள் ஆஸ்பத்திரியில் இருப்பதையும் காரணத்தையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது. முதலில் பதறினார். பிறகு முகம் சுளித்தது. நான் அந்த எச்சத்தைப் பார்த்துச் சுளிப்பேனே, அப்படி.

“கச்சா? குழந்தைக்குப் பச்சையாவா ஊத்தினீங்க? சீ, தீதி! இதுங்க எங்கே மேயுதுன்னு பார்த்திருக்கீங்களா? நாங்க நல்லா வேகவச்சுத்தானே தின்போம்!”

கோழிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் அக்கா போன். “நல்லெண்ணெய் கலப்படமா இருந்திருக்கும்ட்டி. வேற செக்குல வாங்கி அனுப்புதேன்” என்றாள். போனை வைத்துவிட்டேன். அவளைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கிருமி ரத்தத்துக்குள் போகவில்லை என்றார்கள். அன்று மத்தியானம் நர்ஸ், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்த டம்ளரை என்னிடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார். வாங்கி மகளிடம் நீட்டினேன். குச்சி போல் இளைத்திருந்தாள். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊசி குத்தாத கையைத் தூக்கித் தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள்.

டம்ளரைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

இப்போது பதிமூன்று வயது. நன்றாக இருக்கிறாள், என்னோடு சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் தனக்கான தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்கிறாள். தட்டில் நான் எதை வைத்தாலும் முதலில் குனிந்து முகர்கிறாள். அது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அவள் முகர்ந்து முடிக்கும்வரை நான் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன்.