நூலக்காவின் கிராம்பு

பார்லரில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகப் புருவம் திருத்துகிறாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மல்லாந்து படுத்திருப்பவரின் தலைப்பக்கம் நின்று குனிவாள். அவள் வாய்க்கும் அவர்கள் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அதனால்தான் கிராம்பு. காலையில் கை நடுங்காமலிருக்க இரண்டு மடக்கு, வாசம் தெரியாமலிருக்க நாலு கிராம்பு.

புருஷன் விட்டுப் போன பிறகு தூக்கம் வரட்டும் என்று தொடங்கிய குடி. இப்போது அது இல்லாமல் நூலைப் பிடிக்க முடியவில்லை. நர்சிங் படிக்கும் மகள் ஒருநாள் விடுதியிலிருந்து வந்தாள். அலமாரிக்குப் பின்னால் கிடந்த காலி பாட்டில்களை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம்தான் அந்த விபரீதம். முதலாளியம்மாவின் நாத்தனார் வந்து படுத்தாள். ஏனோ மூச்சைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். வலது புருவத்தில் கை ஓர் இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டது. சரிக்கட்ட இடதை இழுத்தாள். அது இன்னும் மெலிந்தது. மறுபடி வலது. கடைசியில் பென்சிலால் போட்ட மாதிரி இரண்டு கோடுதான் மிஞ்சியது.

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன நூலக்கா, அழிச்சிட்டு மறுபடி வரையப் போறீங்களா?"

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

அன்றிலிருந்து நூலக்காவுக்குப் புருவ முடியை நறுக்கும் கத்தரியைத் தொடவே பயம். புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்தான்.

அடுத்த வாரம் வழக்கமாக வரும் டீச்சர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "நூலக்கா, ஒரு நாளைக்கு எத்தனை கிராம்பு?"

"பல்வலி, டீச்சர்."

"எனக்கும் ஆறு வருஷம் பல்வலி இருந்துச்சு. பல் டாக்டர்கிட்ட மட்டும் போகவே இல்லை."

நூல் பல்லிலிருந்து நழுவி டீச்சரின் நெற்றியில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி, நூலகத்துக்குப் பின்னாடி மாடி ரூம். குடியை விடணும்னு பாக்குறவங்க கூடுற இடம். பொம்பளைங்க மட்டும்தான். பேர்கூடச் சொல்ல வேண்டாம். அந்த இடது பக்கம் கொஞ்சம் பாருங்க."

இரண்டு ஞாயிறு அந்த மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தாள். பேர் சொல்லாவிட்டால் என்ன? இந்த வட்டாரத்தில் பாதிப் பெண்கள் அவள் கைக்கடியில் படுத்து எழுந்தவர்கள். குடிக்கிற ஆம்பளையைப் பார்த்தால் 'பாவம், என்ன கஷ்டமோ' என்பார்கள். பொம்பளை என்றால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும்.

மூன்றாவது ஞாயிறு காலையில் டீ டம்ளர் கையை விட்டு விழுந்தது. அன்று படியேறினாள்.

உள்ளே ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. கண்ணாடி இல்லை. முகங்களைத் தலைகீழாகவோ கண்ணாடியிலோ பார்த்தே பழகியவளுக்கு, நேருக்கு நேர் பார்க்க எல்லோரும் புது ஆள்களாகத் தெரிந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அப்போதுதான் அந்தப் புருவங்கள் கண்ணில் பட்டன. இரண்டு மெல்லிய கோடுகள், ஓரங்களில் முள் முள்ளாக முளைத்து வரும் முடி. தன் கை வேலை தனக்குத் தெரியாதா?

நாத்தனார்!

வேலை போச்சு. மகளின் படிப்பும் போச்சு. திரும்பி விடுவிடுவென்று இறங்கினாள். பின்னாலேயே செருப்புச் சத்தம். பாதிப் படியில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் கையைவிட அந்தக் கை அதிகமாக நடுங்கியது.

"நூலக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க. பார்லர்ல ஒரு வார்த்தை விழுந்தா பொழுது சாயறதுக்குள்ள எங்க வீட்டுக்கு வந்துரும்."

நூலக்கா சட்டென்று திரும்பினாள். "நானா? நீங்க சொல்லிருவீங்கன்னுதானே நான் ஓடுறேன். அன்னிக்கு என் வாசம் உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாமலா? வாயைத் திறந்தா என் வாசம் உங்களுக்குத் தெரிஞ்சிருமே. அதான் மூச்சை அடக்கிட்டுக் கிடந்தேன். புருவம் போனாப் போகட்டும்னு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது. மேலே கதவு திறந்திருந்தது. நாத்தனார் கையை விடவில்லை. பிடித்தபடியே ஏறினார்கள்.

டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒரேயடியா நீங்களே நிறுத்திராதீங்க, உடம்புக்கு ஆகாது. நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வாங்க. இன்னிக்குப் பேசினாப் போதும். முடியலேன்னா சும்மா உட்காருங்க."

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. தன் முறை நெருங்க நெருங்க, கதவு எத்தனை எட்டில் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். வட்டம் அவளிடம் வந்து நின்றது.

வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் கைக்குட்டையில் வைத்து மடித்தாள். இனி மூச்சு விட்டால் எல்லோருக்கும் தெரியும். விட்டாள்.

"எனக்குப் பல்வலி இல்லை," என்றாள்.