ஜெனிற்றாவின் ஐஸ்லாந்துப் படங்கள்

இன்று இங்கே இத்தாலியில், பல்லரோ சந்தையில் ஜெனிற்றாவைக் கண்டேன். நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சின்யோராவோடு ஐஸ்லாந்து போய்வந்தவள்.

அந்தப் பயணத்தில் பிள்ளை பார்க்கச் சின்யோரா முதலில் கூப்பிட்டது என்னைத்தான். என் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி அட்டை, புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது; அது இல்லாமல் நாடு தாண்ட முடியாது. நானே இவளைச் சேர்த்துவிட்டேன்.

மீன்கடை வாசலிலேயே படங்களை நீட்டினாள்.

"அக்கா, ஒரே நாளிலை எல்லாம் சுத்திக் காட்டினவை. இதிலை அருவிக்குப் பின்னாலை நிக்கிறன். இது எரிமலைக் கடற்கரை, மண் முழுக்கக் கறுப்பு. இது பனியாறு, வழிகாட்டி கையைப் பிடிச்சு ஏத்தினவர்."

"குளிரேல்லையே?"

"சின்யோரா தன்ரை கோட்டைத் தந்தவ."

ஐந்து வருடமாக அந்தக் கோட்டைத் தூசி தட்டி மாட்டுபவள் நான். ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

"படமெல்லாம் கலங்கிப் போச்சு, பிள்ளை" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

படங்கள் கண்ணாடிபோலத் தெளிவு.

இப்படிப் பொய் சொன்னது நான் மட்டும்தானா? இந்தப் பதிவின் கீழே உண்மையைப் பதிலாக எழுதுங்கள்.