ரேஷன் காலத்துப் பிடி அரிசி

1. எண்ணிக்கையில் வராத பிள்ளை

மேட்ரன் வேலை என்றால் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவது, மாலையில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டு சிலர் வருகிறார்கள். முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அது அரிசி அளக்கிற வேலை என்று. மயிலாப்பூரில் எங்கள் சபையின் பெண்பிள்ளைகள் போர்டிங்கில் நான் மேட்ரனாக இருந்த வருஷங்களில் ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. பிள்ளைகள் என்னைச் 'சாவி அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோய், பட்டணத்தில் ரேஷன் வந்துவிட்டது. போர்டிங் மாதிரி இடங்களுக்குக் கார்டு கிடையாது, பெர்மிட். ஓர் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துத் தலை எண்ணி, ரோல் புஸ்தகத்தோடு ஒத்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதிய கணக்குக்குத்தான் அரிசி. அந்த அரிசியில் கல்லும் உமியும் போக மிச்சம் எவ்வளவு என்று அவர் எழுதவில்லை.

அவர் வந்துபோன பிறகு ரூத்து வந்தாள். எட்டு வயசு இருக்கும்.

அவளுடைய அப்பா ரங்கூனில் ஒரு மரக்கிடங்கில் கிளார்க். குண்டு விழத் தொடங்கியதும் மனைவியையும் மகளையும் எப்படியோ கப்பலில் ஏற்றிவிட்டார். அவருக்கு இடம் கிடைக்கவில்லை. "மயிலாப்பூர்ல நமக்குக் கல்யாணம் நடந்த கோயிலுக்குப் பக்கத்துலயே இருங்க. நான் வேற வழியா வந்து சேர்ந்துடுவேன்" என்று சொல்லியனுப்பினாராம். வேறு வழி என்றால் காட்டு வழி, மலை வழி, நடந்து. அப்படி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. வந்து சேராதவர்கள் அதிகம்.

அந்தக் கோயில் எங்கள் சபைக் கோயில்தான். அந்த அம்மாள் அதற்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துத் துணி தைத்துப் பிழைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். டைபாயிட் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அடக்கம் முடிந்த கையோடு பிள்ளையைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார்கள்.

2. செக்ரட்டரி சார் கேட்டது

முப்பது பேர் சாப்பிடுகிற இடத்தில் ஒரு பிள்ளைக்குச் சோறு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

போர்டிங் கமிட்டிக்குச் செக்ரட்டரி சாமுவேல் சார். ஆபீஸ் வேலையில் இருந்து ரிடையர் ஆனவர், நல்லவர், ஆனால் ரூல் என்றால் ரூல். பெர்மிட்டில் இல்லாத பிள்ளை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் பெர்மிட்டுக்கே ஆபத்து, முப்பது பேர் வயிற்றில் மண் விழும் என்றார். பெயரைச் சேர்க்க மனுப் பாரம் வாங்கி வைத்திருந்தோம். பாரத்தில் ஒரு கேள்வி, தகப்பன் உயிரோடு இருக்கிறாரா? ஆம் என்று எழுதினால் அவருடைய கார்டு எங்கே என்பார்கள். இல்லை என்று எழுதினால் அனாதை என்று பதிந்து, வெளியூரில் இருக்கும் ஓர் அனாதை விடுதிக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்த விடுதியில் இடம் இருப்பதாகவும் சாமுவேல் சார் விசாரித்து வைத்திருந்தார்.

"மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணுங்கம்மா. அங்க போனா வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும்."

"அவங்க அப்பா வந்தா எங்க சார் தேடுவார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. கோயிலுக்கு வரும் சில அம்மாமார்கள் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரூத்தின் கன்னத்தைத் தடவி, "அழாதே கண்ணு, ஆண்டவர் உங்கப்பாவைக் கண்டிப்பா கொண்டுவந்து விடுவார்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் குழம்பு கொதிக்கிறது என்று ஓடிவிடுவார்கள். சொன்ன வாக்கோடு வாரம் முழுக்க இருக்க வேண்டியவள் நான்.

ஒருநாள் தலைவாரும்போது அவளே கேட்டுவிட்டாள்.

"நிச்சயமா வருவாங்களா அக்கா?"

சீப்பைக் கீழே வைத்தேன். "எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். பாதி வாரிய தலை அது, மறுபடி முதலில் இருந்து வார வேண்டியதாயிற்று.

3. சனிக்கிழமை சுற்று

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அது ஆண்டவருக்கு. சனிக்கிழமைதோறும் நான் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சேகரித்து வருவேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஏலம் விட்டு, வந்த பணத்தைச் சபை ஊழியத்துக்கு அனுப்புவார்கள்.

ரேஷன் வந்த பிறகு, ஜனங்களுக்கே இல்லாதபோது பிடி அரிசி வாங்குவது நியாயமில்லை என்று கமிட்டி தீர்மானித்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு வரும் வேலையும் எனக்குத்தான். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ரூத்தின் துணிகளைத் துவைத்து மடித்துக்கூட வைத்துவிட்டேன். அபிராமபுரத்து வீடுகளில் சொன்னபோது, "அப்பாடா, நாங்களே எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தோம்" என்கிற மாதிரி முகங்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசியாக மந்தைவெளியில் எஸ்தர் வீடு. புருஷன் கைரிக்‌ஷா இழுக்கிறவன். ஒரே அறை, நாலு பிள்ளைகள். இங்கே பானை எப்போதோ காலியாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்றபடியே சேதியைச் சொன்னேன்.

"நிறுத்தறதா? இன்னாத்துக்கு மேட்ரனம்மா?" என்றாள் எஸ்தர். உள்ளே போய்ப் பானையைக் கொண்டுவந்து என் பையில் கவிழ்த்தாள். குறைச்சல்தான், ஆனால் இருந்தது.

உனக்கே பற்றாதே, எப்படி எடுக்கிறாய் என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு தன் கடைக்குட்டியை இழுத்து என் முன்னால் நிறுத்தினாள். மூன்று வயசு இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"என் கை பெர்சும்மா. என் கையால எடுத்தா உலையில ஒண்ணும் மிஞ்சாது. அதான் இத்த கூப்ட்டு எடுக்கச் சொல்லிக்கினு கீறேன். இதுவும் பிடிதானே?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப நிறுத்திட்டா அப்பால எப்ப ஆரம்பிக்கறது?" என்றாள்.

அந்தக் குழந்தை கையை மூடித் திறந்து காட்டியது. அதற்குள் ஒரு ஸ்பூன் அரிசி பிடித்தால் பெரிது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. எஸ்தர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போர்டிங்குக்குத் திரும்பவில்லை. நேரே சாமுவேல் சார் வீட்டுக்குப் போனேன். பையை அவர் மேஜை மேல் வைத்து, இது பெர்மிட் அரிசி இல்லை, எந்த இன்ஸ்பெக்டர் கணக்கிலும் இல்லை, இதை ஏலம் விடாமல் ரூத்துக்குக் கொடுங்கள் என்றேன். எஸ்தர் வீட்டுச் சங்கதியையும் சொன்னேன். அவர் பைக்குள் கைவிட்டு அரிசியைக் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவரே எழுந்து நின்று, கமிட்டி தீர்மானம் வாபஸ் என்றும், கொடுக்க முடிந்தவர்கள் வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையின் கையால் எடுத்துக் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார். பூர்த்தி செய்யாத அந்த மனுப் பாரத்தை எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். நான் மடித்து வைத்த துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன்.

எல்லா வீடுகளும் கொடுக்கவில்லை. சில வாரம் பை நிறையும், சில வாரம் கால்வாசிகூட இருக்காது. ஆனால் ஒரு சின்னப் பெண் சாப்பிடும் அளவுக்கு வந்துகொண்டிருந்தது.

4. தகரக் குவளை

ரூத்துக்கு வரும் அரிசியைத் தனியாக அளந்து பொது உலையில் சேர்ப்போம். ஒருநாள் நான் அளக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நம்ம வீட்டுல யாரும் பிடி அரிசி எடுக்கறதில்லையே?"

"உனக்கு வர்றதே பிடி அரிசி. அதுல இருந்து ஒரு பிடி அரிசியா?" என்று கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா வரும்போது ரொம்பப் பசியோட வருவாங்க. அன்னைக்கு அரிசி இல்லைன்னா என்ன பண்றது?" என்றாள்.

அலமாரியில் கிடந்த ஒரு தகரக் குவளையை எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். நிறைந்ததும், வண்டு பிடிக்காமல் இருக்கப் பழசை எடுத்து உலையில் போட்டுவிட்டுப் புதுசை வைப்போம். அது ஒருபோதும் காலியாக இருந்ததில்லை.

5. வந்தவர்

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு மத்தியானம், எங்கள் கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஓர் ஆளைக் கேட் அருகே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். தோலும் எலும்புமாக ஒருவர். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவராம். வழியில் விழுந்து, எங்கெங்கோ ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் பட்டணம் வந்து சேர்ந்தாராம். குண்டுக்குப் பயந்து ஜனங்கள் இந்தப் பட்டணத்தைக் காலி செய்தபோது போன அவருடைய குடும்பம் எங்கே என்று தெரியவில்லை, கோயில் கோயிலாக விசாரித்துக்கொண்டிருக்கிறார், ஏதாவது சாப்பிடக் கொடுக்க முடியுமா என்று கேட்டார் கோயில்பிள்ளை.

முற்றத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ரூத்து முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கேட்டுக்கு நாலு அடி இருக்கும்போது நின்றுவிட்டாள். நான் அவள் பின்னால் ஓடினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் அப்பா இல்லை.

ரூத்து மிச்ச நாலு அடியும் நடந்து போய், எந்த வழியாக வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டாள். தன் அப்பா பெயரைச் சொன்னாள், உயரமாக இருப்பார், இடது புருவத்தில் தழும்பு இருக்கும் என்றாள். அவர் ஏதாவது பொய் சொல்லித் தேற்றிவிடுவாரோ என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"பார்க்கலை பாப்பா" என்றார் அவர். "ரொம்பப் பேர் நடந்தாங்க. எல்லார் முகத்தையும் நான் பார்க்கலை."

ரூத்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தகரக் குவளையோடு திரும்பி வந்து என்னிடம் நீட்டினாள்.

"இதைப் பொங்கி இவங்களுக்குக் குடுங்க அக்கா."

"இது உங்க அப்பாவுக்குன்னு வச்சதாச்சேம்மா."

"இவங்களும் அந்த வழியாத்தானே வந்தாங்க."

நான் பொங்கினேன். அவர் சாப்பிடும்போது ரூத்து எதிரே உட்கார்ந்து, ரசம் இன்னும் ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, அவள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

காலி குவளையை அவள் கண்ணில் படாமல் மேல் அலமாரியில் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலை நான் அரிசி அளக்க உட்கார்ந்தபோது, ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கழுவித் துடைத்திருந்தாள். என் முன்னால் வைத்து, தன் பங்கில் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து அதில் போட்டாள். பிறகு ஜடையைப் பின்னச் சொல்லித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் அப்பா வந்தாரா என்று இதைக் கேட்கிற எல்லோரும் கேட்பார்கள். வரவில்லை. சண்டை முடிந்தும் வரவில்லை. ரூத்து எங்களிடமே வளர்ந்து, டிரெயினிங் முடித்து, டீச்சராகி வேறு ஊர் போனாள். தகப்பன் உயிரோடு இருக்கிறாரா என்ற அந்தக் கேள்விக்குக் கடைசிவரை நாங்கள் யாரும் பதில் எழுதவில்லை.

குவளையை அவள் மறுபடி கொண்டுவந்து வைத்த அந்தக் காலைவரை விசுவாசம் என்றால், கேட்டது கிடைக்கும் என்று நம்புவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிடைக்குமா என்று பயம் வந்தால் இன்னும் சத்தமாக ஜெபிப்பேன். அந்தக் காலையில் அவள் தலையைப் பின்னிக்கொண்டே, எதையும் கேட்காமல் முதல் தடவையாக ஆண்டவரிடம் பேசினேன். இந்தப் பிள்ளையை என் கண் முன்னால் வைத்ததற்கு நன்றி என்று மட்டும் சொன்னேன். மனசு அத்தனை லேசாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆண்டவர் இதைச் செய்வார், அதைச் செய்வார் என்று அவர் பெயரில் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி எடுத்து வையுங்கள். நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்களோ அவர் வராமல் போகலாம். ஆனால் பசியோடு யாராவது வருவார்கள்.