முத்தம்மாள் படத்துக்கு விழுந்த மாலை

“நான் இன்னாடி தப்பு பண்ணேன்?”

பாடி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு எழிலரசி அக்கா என்னைக் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

அக்கா அண்ணனூரில் எங்கள் வீட்டு மாடியறையில் தனியாகக் குடியிருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்து அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. அவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. பிளஸ் டூ முடித்து, சும்மா உட்காரப் பிடிக்காமல் நான்தான் மாடி ஏறுவேன். சுவர் முழுக்க அக்கா கரியால் வரைந்த படங்கள். காலை ரயிலில், பெண்கள் பெட்டியில் தூங்கும் முகங்கள்.

அதில் பெரியது முத்தம்மாள் படம். வில்லிவாக்கத்தில் கீரை விற்பவர். அக்காவுக்கு முன்பே ஏறி, கூடையை வைத்து இடம் பிடித்துத் தருபவர்.

“எனக்குன்னு எடம் புடிச்சி வெக்கிறது ஒலகத்துல அது ஒண்ணுதான்” என்பார் அக்கா. ஆனால் முத்தம்மாள் எந்த ஊர், போன் நம்பர் என்ன என்று கேட்டதில்லை. தினமும் பார்ப்பவரிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

பாடியில், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக் கூடத்தில் ஓவியக் கண்காட்சி ஏற்பாடானது. நடத்திய விக்ரம் என்பவர், அக்கா கொண்டுபோய்க் காட்டிய படங்களைப் பார்த்து, அவருக்கு ஒரு சுவரையே ஒதுக்கினார். ரயிலில் அக்கா முத்தம்மாளை அழைத்த அன்று, வேலை கேட்டு எஸ்டேட்டுக்குப் போவதற்காக நானும் கூட இருந்தேன்.

“தூங்குற மூஞ்சியவா வரஞ்சே? வாயத் தொறந்துகினு கீறேனா?”

“இல்லக்கா, மூடிகினுதான் கீறே. வந்துதான் பாரேன்.”

“வரேன். நல்லா இல்லேன்னா கிழிச்சிப் போட்டுருவேன், ஆமா.”

பெட்டியே சிரித்தது.

திறப்பு விழாவில் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்துவிளக்கை முத்தம்மாள் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். இடம் அங்கேதான் இருந்தது. சிறப்பு விருந்தினர் விளக்கேற்றினார். தனக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றி, “மரியாதை இந்த உழைப்பாளிக்குத்தான்” என்று படத்தின் மேல் மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார், கண் வாசலில்.

அக்கா கையில் மைக்கைக் கொடுத்த நேரத்தில் முத்தம்மாள் வந்தார். மடிப்புக் கலையாத புடவை, கையில் இலையில் கட்டிய மல்லிகைப்பூ. அக்காவைப் பார்த்துச் சிரித்தவர், பிறகு சுவரைப் பார்த்தார்.

மூடிய கண்கள். மாலை. முன்னால் எரியும் விளக்கு.

“அடிப்பாவி… உசுரோட கீறேண்டி நானு!”

பூவை அங்கேயே நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். மைக்கோடு நின்ற அக்கா, அதை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

திரும்பி வந்து படத்தைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். விளக்கை அணைத்து, மாலையைக் கழற்றினார். விக்ரம் பதறிப்போய், “ஸாரி மேடம், நாங்க யாருமே யோசிக்கல” என்றார். அக்கா யாரையும் திட்டவில்லை. அந்தப் படத்தைக் கேட்டு வந்தவர்களிடம் மட்டும், “அது அவங்களுது” என்றார்.

அதன்பின் முத்தம்மாள் அந்தப் பெட்டியில் ஏறுவதில்லை. வில்லிவாக்கத்தில் கேட்டால், இடம் மாறிவிட்டார் என்கிறார்கள். அக்கா இப்போது நின்றுகொண்டே போகிறார். இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. படத்தில் முத்தம்மாள் கண் திறந்திருப்பதுபோல் வரையப் பார்த்தார். முடியவில்லை.

“தூங்கறப்பவே பாத்துகினு இருந்துட்டேன். அது கண்ணு எப்டி இருக்கும்னே நெனவு வரல” என்றார்.

அன்று சொல்லத் தெரியாத பதில் இப்போது என்னிடம் இருக்கிறது: அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. இதை அவரிடம் நான் சொன்னால் போதாது. முத்தம்மாள் சொல்ல வேண்டும்.

நீங்கள் திருவள்ளூர் பக்கமிருந்து காலை ரயிலில் வருகிறவரானால், பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். கீரைக்கூடையோடு யாராவது இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். மாலையை எழிலரசி போடவில்லை. படம் அண்ணனூர் மாடியறையில், மாலை இல்லாமல், முத்தம்மாளுக்காக இருக்கிறது.