விதவைக்கு விறகு

மேய்ன் மாநிலத்துக் குளிரில் முப்பது வருடமாகப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர் ஓரின் விட்கம். ஆரம்ப கால அமெரிக்காவின் தான தர்மம் என்ற பாடம் வந்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. அந்தக் காலத்தில் ஏழைக்கு உதவுமுன் ஊர்ப் பெரியவர்கள் விசாரிப்பார்கள்: குடிப்பாயா, சர்ச்சுக்கு வருவாயா, இந்த ஊர்தானா? அதைப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். விறகு கேட்டு வரும் விதவை வேடம் மட்டும் சாருக்கு. அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

இந்த வருடம் அவர் வீட்டிலேயே கணப்பு அடுப்புக்கு விறகு இல்லை. முதுகில் அறுவை சிகிச்சை. கோடாலியைத் தொடக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். மனைவி லோர்னாவுக்கோ குளிர் பட்டாலே இருமல் நெஞ்சைப் பிடிக்கும். ஊரில் விறகு வங்கி உண்டு. ஊரார் வெட்டி அடுக்குவார்கள், இல்லாதவர் எடுத்துப் போகலாம். வருடா வருடம் அங்கே கட்டை கொடுத்த மனிதர் இப்போது போய்க் கை நீட்டுவதா? தர்மத்தின் பெருமையை ஊருக்கெல்லாம் உபதேசித்தவருக்கு, வாங்குவதென்றால் மட்டும் நாக்கு எழவில்லை.

வகுப்பில் சால்வையைப் போர்த்திக்கொண்டு விதவையாக நின்றார். விசாரணைக் குழுவுக்குத் தலைவி டெல்ஃபின். விறகு வங்கியைப் பார்த்துக்கொள்ளும் ரோலண்ட் பெல்கியின் மகள்.

"விறகு கிடையாது சார்."

"ஏம்மா?"

"உங்களுக்குக் கேக்கவே தெரியல. எங்களுக்கு மார்க் போட வந்த மாதிரி நிக்கிறீங்க."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனாலும் சுருக்கென்றது.

வீட்டில் லோர்னா கோட்டைக் கழற்றாமலே சூப் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, விதவைக்கு விறகு கெடச்சுதா?"

"இல்ல."

"புருஷன் உயிரோட இருக்கிறவளுக்கு எப்பக் கெடைக்கும்?" கேட்டுவிட்டு இருமினாள். இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

சனிக்கிழமை இருவரும் விறகு வங்கிக்கு வண்டியில் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவர் பதில்களை மனப்பாடம் செய்தார். குடிப்பதில்லை, கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் சர்ச், நம்பாவிட்டால் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டலாம்.

கையுறையைத் தட்டியபடி ரோலண்ட் வந்தான்.

"வாங்க சார். உங்க அடுப்புல எவ்வளவு நீளக் கட்டை போகும்?"

படித்து வந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"வேற ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"கேக்கணும் சார். வண்டியக் கொஞ்சம் பின்னால எடுக்கிறீங்களா?"

வண்டியை எடுக்க வேண்டியவர் நின்ற இடத்திலேயே நின்றார். வண்டிக் கண்ணாடியை இறக்கி லோர்னா தலையை நீட்டினாள்.

"பதினாறு அங்குலம், ரோலண்ட்! அவரு நிக்கட்டும், நீ ஏத்து!"