வித்யாவின் வலிப்பும் ரோஸி சேச்சியின் கடையும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் டெக்னீஷியனாக இருந்த லேபுக்கு, டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். மெஷின் புதிதாக வந்திருந்தது. அதைத் தினமும் நானே துடைப்பேன். வேறு யாரையும் தொடவிட மாட்டேன்.

அப்போதுதான் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் அந்தச் சண்டை வெடித்தது. பார்வதியின் மகள் வித்யாவுக்குப் பள்ளியில் வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளைக்குள் புழுக்கட்டி தெரிந்தது. பன்றி நாடாப்புழுவால் வருவது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், பார்வதி நேரே தெருமுனையில் பன்றி இறைச்சி விற்கும் ரோஸி சேச்சியிடம் போனாள்.

"எங்க வீட்டுல முட்டைகூட வாங்க மாட்டோம். உன் கடையில மொய்க்கிற ஈதான் எம்பொண்ணு தலைக்குள்ள புழுவைக் கொண்டாந்து வச்சிருக்கு. மூடு கடையை!"

கடையின் இறைச்சியைச் சோதித்தோம். அதில் கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் வாங்க யாரும் வரவில்லை.

"ஞான் இனி எந்து செய்யும், லதா மோளே?" என்று சேச்சி என்னிடம் கேட்டாள்.

எங்கள் லேப் டாக்டர் பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்மணி. விஷயத்தைச் சொன்னதும் இல்லை என்று தலையசைத்தார்.

"இறைச்சியைத் தின்னா குடல்லதான் புழு வளரும், லதா. மூளைக்குப் போறது அந்தப் புழுவோட முட்டை. குடல்ல புழு இருக்கிறவா சரியா கை கழுவலேன்னா, அவா தொட்ட சாப்பாட்டுல முட்டை ஒட்டிக்கும். வித்யா வீட்டுல எல்லாரோட மலத்தையும் வாங்கிண்டு வா."

வித்யாவின் அப்பா சுப்பிரமணியத்தின் சாம்பிளில் முட்டைகள் இருந்தன. மாட்டு நாடாப்புழுவின் முட்டையும் பன்றி நாடாப்புழுவின் முட்டையும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே இருக்கும். டி.என்.ஏ.தான் பிரித்துக் காட்டும். பி.சி.ஆர். போட்டு, ஜெல்லை யு.வி. வெளிச்சத்தில் வைத்தேன். ஒப்பிட வைத்திருந்த பன்றிப்புழு கன்ட்ரோலுக்கு நேரே பளிச்சென்று ஒரு கோடு. இப்படி ஒரு ரிசல்ட்டுக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது சந்தோஷப்பட முடியவில்லை.

சுப்பிரமணியம் ஜூ டவுன் என்ற யூதர் தெருவில் மிளகுக் கிடங்கில் வேலை பார்ப்பவர். சட்டையெல்லாம் மிளகு வாசனையோடு வந்து உட்கார்ந்தார்.

"வெளியூர் லோடு போறப்ப பன்னிக்கறி தின்னிருக்கேன், டாக்டர். பார்வதிக்குத் தெரியாது. ராத்திரி பொண்ணுக்கு நான்தான் சோறு பிசைஞ்சு உருட்டிக் கொடுப்பேன். அப்போ என் கையாலயா?"

"ஆயிருக்கலாம்" என்றார் டாக்டர். "மாத்திரை தரேன், புழு போயிடும். ரிப்போர்ட்டை நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஆனா அந்தக் கடைக்காரியோட பிழைப்பு இப்போ உங்க வாயிலதான் இருக்கு."

அன்று மாலையே அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். பார்வதி வெகு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே ரோஸி சேச்சியின் கடை முன்னால் போய் நின்றாள்.

"தெருவுல நின்னுதான் உங்களைத் திட்டினேன், சேச்சி. தெருவுல நின்னே சொல்றேன். புழு எங்க வீட்டுலதான் இருந்துச்சு."

நாலு பேர் நின்று கேட்டார்கள். சேச்சி குழந்தையைப் பற்றி மட்டும்தான் கேட்டாள்: "குட்டிக்கு இப்போ எங்ஙன உண்டு?"

மருந்தில் வித்யாவின் வலிப்பு நின்றது. கடைக்கும் மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பல ரிசல்ட்டுகள் மறந்துவிட்டன. அன்று சுப்பிரமணியம் அழத் தொடங்கியதும் டாக்டர் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. புழுவின் பெயரைக் கண்டுபிடிப்பதை எனக்கு மெஷின் கற்றுக்கொடுத்தது. அதை ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது என்பதை அந்த டாக்டரம்மாவிடம்தான் கற்றேன்.